அப்போக்கே எம்ப்சூக்கோன்: சொல் விளக்கம்

'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. 1847-ல் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில் வெஜிடேரியன் சங்கம் தொடங்கிய பிறகுதான் அது பரவலானது. அதுவரை கறி தொடாதவர்களின் சாப்பாட்டுக்கு ஐரோப்பாவில் 'பித்தகோரிய உணவு' என்று பெயர். ஆம், செங்கோண முக்கோணத்தோடு பள்ளியில் அறிமுகமான அதே பித்தாகரஸ்தான்.

கிரேக்கர் வழங்கிய தொடர் 'அப்போக்கே எம்ப்சூக்கோன்'. அப்போக்கே என்றால் விலகியிருத்தல். எம்ப்சூக்கோன் என்பதற்குள் இருப்பது 'ப்சூக்கே', அதாவது உயிர், ஆன்மா. ஆன்மா உள்ளவற்றை உண்ணாமல் விலகுவது என்று பொருள்.

இதன் வேர் மறுபிறப்பு நம்பிக்கை. யாரோ ஒருவன் நாய்க்குட்டியை அடிக்க, "நிறுத்து, அது என் நண்பனின் ஆன்மா, குரலிலேயே தெரிகிறது" என்று பித்தாகரஸ் தடுத்தாராம். கிரேக்கக் கவிஞர் செனோஃபனீஸ் இதைக் கேலியாகத்தான் பாடினார். ஆனால் கொள்கை என்னவென்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கறியை விடுவது அங்கே வெறும் நாக்குக் கட்டுப்பாடு அல்ல. பலி கொடுத்த விலங்கின் தொடை எலும்பும் கொழுப்பும் தெய்வங்களுக்கு நெருப்பில் போகும். மீதிக் கறி கூடியிருப்பவர்களுக்குப் பங்கு. கிடாவெட்டில் பங்கு வேண்டாம் என்பவனை ஊர் எப்படிப் பார்க்கும்? ரோமிலும் இதே சிக்கல். ரோமத் தத்துவஞானி செனெகா, இளவயதில் சோத்தியோன் என்ற ஆசிரியரின் பேச்சில் மயங்கி ஓராண்டு கறியை விட்டார். அந்தப் பழக்கம் இனித்ததாகவும் மனம் சுறுசுறுப்பாக இருந்ததாகத் தோன்றியதாகவுமே எழுதுகிறார். அது பேரரசர் திபேரியஸின் ஆட்சிக் காலம். அந்நிய வழிபாடுகளை அரசு ஒடுக்கிக்கொண்டிருந்தது. சில விலங்குகளின் கறியைத் தவிர்ப்பதே அதற்கு அடையாளமாகக் கருதப்பட்டது. அப்பா சொல்லவும் பழைய சாப்பாட்டுக்கே திரும்பினார்.

இத்தொடரையே தலைப்பாக்கி 3-ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி போர்ஃபிரி நான்கு பாகங்களில் ஒரு நூல் எழுதினார். மீண்டும் கறி தின்னத் தொடங்கிவிட்ட நண்பர் ஃபிர்முஸுக்கு அது மறுப்புரை. படைவீரர், மல்லர், மாலுமிகளுக்கு இதைச் சொல்லவில்லை, மெய்ப்பொருள் தேடுபவனுக்கே சொல்கிறேன் என்று தெளிவாகப் பிரிக்கிறார்.

இத்தொடரைத் தமிழில் பெயர்க்க 'சைவம்' பொருந்தாது. அது சமயப் பெயர். 'உயிருணவு விலக்கல்' என்று நேராகப் பெயர்த்தாலும் இடிக்கும்: தொல்காப்பியத்தில் புல்லும் மரமும் ஓரறிவுயிர், கிரேக்கத் தொடரோ விலங்குகளை மட்டுமே குறிக்கிறது. 'புலால் மறுத்தல்' சரியாக வரும். குறளில் அந்த அதிகாரம் துறவறவியலில் இருப்பது, போர்ஃபிரி யாருக்காக எழுதினாரோ அதோடும் ஒத்துப்போகிறது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கண்டித்து எழுதிய 'சார்க்கோஃபாகியா'வுக்கு ஊனுண்ணல் என்பதே போதும்.