நீலகிரில இருந்து ரிசர்ச் கிராண்ட் எழுதணும்னா என்னென்ன இருக்கு

ஊட்டி மெடிக்கல் காலேஜ், பார்மசி காலேஜ், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், கூடலூர் பக்கத்து ஆஸ்பத்திரிங்கன்னு நம்ம மலையிலயே ரிசர்ச் ஆசையோட நிறைய பேர் இருக்காங்க, ஆனா கிராண்ட், அதாவது ஆய்வுக்கு பணம் கேட்டு விண்ணப்பம், எழுத கத்துக்கணும்னா சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் காசு கட்டணும்னு நெனச்சு விட்டுடறாங்க. அப்படியெல்லாம் இல்லைங்க.

முதல்ல பிசிபிஆர் கோர்ஸ், அதாவது மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் பாடம். ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன்ல நடத்துது, 23 லெக்சர், பாடம் கேக்க பைசா கிடையாது. எம்டி எம்எஸ் படிக்கறவங்க பைனல் எக்ஸாம் எழுத ரிசர்ச் மெத்தடாலஜி சர்டிபிகேட் கட்டாயம்ங்கறதால பல பேர் இதை வேகமா ஓட்டிட்டு போயிடறாங்க. ஆராய்ச்சிக் கேள்வியை எப்படி எடுக்கறது, ப்ரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எப்படி எழுதறதுங்கற பாடத்தையாவது நிதானமா பாருங்க, கிராண்ட்ல பாதி அதுதான்.

எம்பிபிஎஸ் பிள்ளைங்களுக்கு ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ்னு மாணவர்களுக்கான குறுகிய கால ஆய்வுத் திட்டம் இருக்கு, 1979ல இருந்து நடக்குது. சொந்த காலேஜ்ல ஒரு கைடு, 2 மாச ஆய்வு, 50,000 ரூபா. ரிப்போர்ட்டை அவங்க ஏத்துக்கிட்ட அப்புறம்தான் பணம் வரும், அதனால ஆரம்ப செலவுக்கு இதை நம்பாதீங்க.

பிஎச்டி முடிச்சு ரெகுலர் வேலைல புதுசா சேர்ந்தவங்களுக்கு ஏஎன்ஆர்எஃப்ங்கற மத்திய அரசு ஆராய்ச்சி நிதி அமைப்புல பிரதம மந்திரி எர்லி கரியர் கிராண்ட், 3 வருஷத்துக்கு 60 லட்சம் வரைக்கும். டிபிடியும் (மத்திய பயோடெக்னாலஜி துறை) பிரிட்டன் வெல்கம் ட்ரஸ்டும் சேர்ந்து நடத்துற இந்தியா அலையன்ஸ் பெல்லோஷிப் தருது, கிராண்ட் எழுத ஒர்க்‌ஷாப்பும் வைக்கறாங்க.

இப்ப எழுதற விஷயத்துக்கு வருவோம். இந்தியாவுல சிக்கிள் செல்ங்கற பரம்பரை ரத்தக் கோளாறு முதல்முதல்ல பதிவானதே 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான். அதனால "நீலகிரி பழங்குடிகளில் சிக்கிள் செல் ஓர் ஆய்வு"ன்னு எழுதி அனுப்பினா புதுசா என்ன இருக்குன்னு ஓரமா வச்சிடுவாங்க. அதையே "பந்தலூர் தாலுகா பணியர் குடும்பங்கள்ல ஹைட்ராக்ஸியூரியா மருந்து ஆரம்பிச்சவங்க 6 மாசத்துக்குள்ள எத்தனை பேர் நிறுத்தறாங்க, எதனால"ன்னு எழுதுங்க. யாரை பாக்கறீங்க, எங்க, எத்தனை நாள், எதை அளக்கறீங்க, எல்லாம் ஒரே வரில வந்துடுச்சு பாருங்க. பட்ஜெட்டும் அந்த வரில இருந்தே போடலாம், பாடிகளுக்கு (பழங்குடி குடியிருப்புகளுக்கு) போற ஜீப் வாடகை, கூட வர்ற ஃபீல்டு ஆளோட சம்பளம் எல்லாம் மறக்காம சேருங்க.

அடுத்தது எதிக்ஸ், அதாவது ஆய்வு நெறிமுறை, இதுல ரொம்ப கவனம் வேணும். உங்க எதிக்ஸ் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறைல பதிவான கமிட்டியான்னு கேட்டுக்கோங்க. பழங்குடி மக்கள் கிட்ட ஆய்வுன்னா ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல் படி கலெக்டர் மாதிரி அதிகாரிகிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், ஊர் பெரியவங்களை கலந்து பேசணும், அதுக்கப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்களுக்கு புரியற பேச்சுல விளக்கி சம்மதம் வாங்கணும், ரத்தம் எடுத்துட்டு ரிசல்ட் சொல்லாம வர்றது அவங்களுக்கு செய்யற அநியாயம். இந்த பேப்பர் நகர நாளாகும்ங்க, கிராண்ட் அறிவிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்காம கலெக்டர் ஆபீஸ் மனுவை முதல்ல குடுத்துடுங்க.