புகைப் பரிசோதனையில் தவறிய பழைய கெப்: பம்பைத் தொடும் முன் காற்றைப் பாருங்கள்

"பாஸ், பம்பைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க. சர்டிபிகேட் கையில வந்ததும் பழையபடி கூட்டிக்கலாம்." பழைய டீசல் கெப் எமிஷன் டெஸ்டில் தவறியதும் எங்கள் கராஜுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். பம்ப் என்பது இன்ஜினுக்கு டீசலை அளந்து கொடுக்கும் பாகம். அவர்களுடைய அவசரம் எனக்குப் புரிகிறது. புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அது இல்லாத வண்டி வீதியில் இறங்கினால் பொலிஸ் பிடிக்கும். கந்தப்பளையில் கரட்டும் லீக்ஸும் ஏற்றுபவருக்கு வண்டி ஒரு வாரம் நின்றால் வீட்டுச் செலவே இடிக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியைச் சில வருடங்களுக்கு நிறுத்தியதில் பழைய கெப்களின் விலையும் எங்கோ போய்விட்டது. இருப்பதை விற்று வேறு வாங்கு என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளைக்காகப் பம்பைக் குறைப்பதால் இன்ஜினில் இருக்கும் கோளாறு அப்படியேதான் இருக்கும். அடுத்த வருடம் அது இன்னும் பெரிதாகி வரும்.

முதலில் அந்த டெஸ்ட் என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டீசல் வண்டியில் சைலன்சர் குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகி, நியூட்ரலில் அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து விடுவார்கள். இப்படிச் சில தடவை செய்வார்கள். வெளிவரும் புகை ஒரு ஒளிக்கற்றையை எவ்வளவு மறைக்கிறது என்பதை மெஷின் அளக்கும். அறிக்கையில் 'கே' என்று வருவது அந்த அளவுதான். பார வண்டி மேடு ஏறும்போது விடும் புகையை இந்த டெஸ்ட் பார்ப்பதில்லை. திடீரென்று டீசல் கூடும் அந்த நொடியில், அதை எரிக்கக் காற்று இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது. தவறிய அறிக்கையைக் கோபத்தில் கசக்கி எறியாமல் கராஜுக்குக் கொண்டு வாருங்கள். எல்லைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் வண்டிக்குச் செய்யும் வேலை வேறு, இரண்டு மடங்கு தாண்டிய வண்டிக்குச் செய்யும் வேலை வேறு.

கறுப்புப் புகை என்பது எரியாமல் போன கரி. விறகைத் திணித்துவிட்டுக் காற்று போக இடம் விடாத அடுப்பு புகைவதைப் போலத்தான் இதுவும். இங்கே மலையகத்துக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய இன்ஜின் தானாக இழுக்கும் காற்றை மட்டுமே நம்பி ஓடுகிறது. பம்போ கீழ்நாட்டுக்குச் செட் செய்த அளவிலேயே டீசலைக் கொடுக்கும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் அமைப்பு சில பம்புகளில் உண்டு, பலவற்றில் இல்லை. அதனால் குருநாகலில் வாங்கியபோது சுத்தமாக ஓடிய கெப், ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வந்ததும் புகைக்கத் தொடங்கும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

காற்று ஏற்கனவே குறைவான இடத்தில், இருக்கும் காற்றையும் நாமே அடைத்து வைக்கக் கூடாது. தோட்டப் பாதைத் தூசியில் ஓடும் வண்டிக்கு எயார் ஃபில்டர் சர்விஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீற்றர் வரைக்கும் தாங்காது. அடிக்கடி கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மங்கினால் மாற்றிவிடுங்கள். கடதாசி ஃபில்டரைக் கழுவக் கூடாது. காற்று அடிப்பதென்றால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி உள்ளே இறங்கி, பிறகு பிஸ்டன் ரிங்கைத் தின்னும்.

ஃபில்டர் புதிதாக இருந்தும் தவறிய கெப் ஒன்று எங்களிடம் வந்தது. வேறொரு இடத்தில் சிலிண்டருக்குள் டீசலை விசிறும் நான்கு நொசிலும் மாற்றியாகிவிட்டது, பணமும் போய்விட்டது, புகை மட்டும் குறையவில்லை. ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருவர் ரேஸ் கொடுக்க, இன்னொருவர் அந்தக் குழாயில் கையை வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உள் அடுக்கு உரிந்து, வேகம் கூடும்போது உறிஞ்சப்பட்டுப் பாதையை மூடிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றினோம், வண்டி பாஸாகியது. சும்மா ஸ்டார்ட்டில் நிற்கும்போது பார்த்தால் இது கண்ணில் படவே படாது. விலை குறைந்த சாமானிலிருந்து தொடங்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பம்ப். ரம்பொடை ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கவில்லை என்று யாரோ ஒருவர் முழுப் பார ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டியிருப்பார். கம்பனியில் போட்ட சீல் உடைந்திருந்தால் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும்: காற்று இல்லாத இடத்தில் கூட்டிய டீசலில் பெரும்பகுதி இழுவையாக மாறாது. கரியாகவும் சூடாகவும் வெளியே போகும், பிஸ்டனையும் வால்வையும் சுடும், டீசல் செலவைக் கூட்டும். காற்றுப் பாதை சரியான பிறகு பம்பைக் கழற்றி, பம்ப் அளக்கும் பெஞ்ச் மெஷினில் வைத்து முறையாக அளவெடுத்துக் குறையுங்கள், அதோடு அப்படியே விட்டுவிடுங்கள். மேட்டில் ஒரு கியர் கீழே போட வேண்டி வரலாம். டர்போ இல்லாத இன்ஜின் மலையில் அப்படித்தான் ஏறும்.

டெஸ்ட் முடிந்ததும் திரும்பக் கூட்டித் தரச் சொன்னால் நான் செய்வதில்லை. குளிர்ந்த காலையில் பள்ளத்தாக்கின் காற்று மேலே எழும்பாது, விட்ட புகை அங்கேயே தங்கும். வீதியை ஒட்டிய லயங்களில் இருப்பவர்களும், பஸ் இல்லாமல் நடந்து பாடசாலை போகிற பிள்ளைகளும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அந்தப் புகைக்கு மிகப் பக்கத்தில் நிற்பது உங்கள் டிரைவரும் எங்கள் பையன்களும்தான்.

நொசில்களைக் கழற்றினால் டெஸ்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூடுபனி போல விசிறினால் நல்லது. நூலாக ஓடினாலோ, நுனியில் சொட்டு நின்றாலோ அதை மாற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது அடியில் போடும் வாஷர்கள் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். 2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது கேன்களிலும் பீப்பாய்களிலும் சேர்த்து வைத்து ஓட்டிய வண்டிகளில் டாங்கிக்குள் துருவும் தண்ணீரும் தங்கியிருக்கலாம். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீரை வடித்துப் பாருங்கள். புகையைக் குறைக்க மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பம்பின் உள்பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு போதாது, பம்ப் தேய்ந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் புகைத்தால் பம்ப் டைமிங் (டீசல் பாயும் நேரம்), டப்பட் இடைவெளி (வால்வுகளுக்கு விடும் இடைவெளி), ஈஜிஆர் வால்வில் (வெளிவரும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) கரி, கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) என்ற வரிசையில் பாருங்கள். நல்ல பழைய டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் 30 பார் அளவில் இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் கீழே இருந்தால் இன்ஜினைத் திறக்கும் வேலைதான். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, அதற்குப் பம்பைத் திருகிப் பயனில்லை.

இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் சூடாகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. நம் குளிரில் அப்படிச் செய்தால் இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கே வராது. சூடேறாத இன்ஜினில் டீசல் சரியாக எரியாது, புகை கூடும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் போடுங்கள். இன்ஜின் அளவுக்கு மேல் சூடானால் ரேடியேட்டரைப் பாருங்கள்.

டெஸ்டுக்குப் போகும் நாளில் வண்டியை அரை மணி நேரமாவது மேட்டில் நன்றாக ஓட்டிவிட்டுப் போங்கள். சைலன்சரில் படிந்த கரி வழியிலேயே போகட்டும். வரிசையில் நீண்ட நேரம் ஸ்டார்ட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டாம், கரி மீண்டும் படியும். ஒயில் மட்டம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட். அக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது நைந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டிக்கு, முதலில் பெல்ட் மாற்றிவிட்டுத்தான் டெஸ்ட். டொயோட்டாவின் பழைய ஹைலக்ஸ் டீசல்களில் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

பெற்றோல் கெப் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அங்கே காபன் மொனொக்சைட்டும் எரியாத ஹைட்ரோகாபனும் அளக்கப்படும். எயார் ஃபில்டர், பிளக், கார்புரேட்டர் என்று அதே வரிசையில் பாருங்கள்.

வேலை முடிந்ததும் நொசில் திறக்கும் அழுத்தத்தையும் பம்ப் பெஞ்ச் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, தவறிய அறிக்கை, பாஸான அறிக்கை இரண்டோடும் சேர்த்து வண்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்த வருடம் வேறு கராஜுக்குப் போனாலும், அங்கே முதலில் அந்தத் தாள்களைக் கொடுங்கள்.