வேலை முடிந்ததும் ஸ்டுடியோவை அணைத்துவிடுங்கள்

"வாங்கினதிலிருந்து இதை நான் ஆஃப் பண்ணினதே இல்லைண்ணா. அப்புறம் எப்படிப் போச்சு?" என்று கேட்டபடி ஒரு தம்பி மானிட்டர் ஸ்பீக்கர் (ஸ்டுடியோவில் பாட்டைச் சரிபார்த்துக் கேட்கும் ஸ்பீக்கர்) ஒன்றை என் மேசையில் வைத்தார். ஸ்டுடியோக் கருவிகளை அணைக்கவே கூடாது என்று பலரும் சொல்வதை நம்பியவர். வாங்கி நான்கு வருடம். பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். பவர் சப்ளை போர்டில் ஒரு மூலை மட்டும் தீய்ந்த தோசை மாதிரி பழுப்பேறியிருந்தது. அங்கே இருந்த இரண்டு கண்டென்சர்களின், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் உதிரிகளின், தலை உப்பியிருந்தது. உதிரிகள் ஆடாமல் இருக்க வைக்கும் மஞ்சள் பசை சூட்டில் வெந்து காபி நிறத்துக்கு வந்திருந்தது. இந்த வகைப் பசை சிலது அப்படிக் கருகிவிட்டால் மின்சாரத்தைக் கடத்தவும், பக்கத்துக் கம்பியை அரிக்கவும் தொடங்கிவிடும்.

நான்கு வருடம் அணைக்காமல் ஓடினால் சுமார் 35,000 மணி நேரம். அந்தத் தம்பி பாட்டு வேலை பார்ப்பது தினமும் மூன்று மணி நேரம். அந்தக் கணக்கில் ஸ்பீக்கருக்குத் தேவையான உழைப்பு 4,400 மணி நேரம்தான். மீதியெல்லாம் ஆளில்லாத அறையில் சும்மா சூடாகிக் கிடந்த நேரம்.

கண்டென்சரின் உடம்பிலேயே 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். பல கண்டென்சர்களுக்கு அந்தச் சூட்டில் உத்தரவாதமான ஆயுள் 2,000 மணி நேரம். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம் வரும். தம்பியின் கண்டென்சர் தன் ஆயுளை முழுசாக வாழ்ந்து முடித்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, "ஸ்டுடியோவை அணைக்கவே கூடாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது பொய்யில்லை. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கும் அனலாக் மிக்சிங் கன்சோலில் (பல ஒலிகளைக் கலக்கும் பெரிய மேடை) பல டஜன் சேனல்கள், ஆயிரக்கணக்கான சால்டர் இணைப்புகள், வரிசை வரிசையாகக் கனெக்டர்கள். அணைத்தால் ஆறிச் சுருங்கும். போட்டால் சூடேறி விரியும். இது தினமும் நடந்தால் எங்கேயாவது ஒரு சால்டர் விரிசல் விடும், ஒரு சேனல் கரகரக்கும். அதனால் அங்கே அணைக்காமல் விடுவார்கள். அங்கே ஏசி ஓடும், பவர் சப்ளைக்குத் தனி அறை இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். ஒரு இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர் உள்ள அறைக்கு அந்த விதியை எடுத்துவந்ததுதான் தப்பு.

போடும் நொடியில் அதிர்ச்சி இருப்பதும் உண்மைதான். காலியாக இருக்கும் கண்டென்சர்கள் ஒரேயடியாக நிரம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும். குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில்தான் பியூஸ் போகும், கவனித்திருப்பீர்கள். அதனால் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அணைக்க வேண்டாம். ஆனால் நாளுக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு 365 முறை. பவர் ஸ்விட்சுகள் பொதுவாகப் பத்தாயிரம் முறைக்குத் தாங்கும்படி செய்யப்பட்டவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வால்வு (சூடாகி வேலை செய்யும் கண்ணாடிக் குழல்) உள்ள கருவிகளை எந்தக் காரணத்துக்காகவும் இரவில் விடாதீர்கள். எரிகிற ஒவ்வொரு மணி நேரமும் வால்வின் ஆயுளில் கழியும். வால்வு மைக்கோ, அனலாக் சிந்தசைசரோ நிலைப்பட அரை மணி நேரம் ஆகும் என்றால் அரை மணி நேரம் முன்னால் போட்டுவிடுங்கள், போதும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இடிதான். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களின் கருவிகளும் என்னிடம் வருகின்றன. மேகத்திலிருந்து அவ்வளவு தூரம் காற்றைக் கிழித்து வரும் மின்னலை ஸ்விட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி தடுக்காது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிராட்பேண்ட் கேபிளையும் கழற்றுங்கள். ரவுட்டர் வழியாகக் கணினிக்கு, அங்கிருந்து யூஎஸ்பி வழியாக இன்டர்பேஸுக்கு ஏறிவரும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடாதீர்கள். வானம் இருட்டும்போதே செய்துவிடுங்கள்.

மின்வெட்டு வந்தாலும் இதே கவனம் வேண்டும். கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் தாறுமாறாக இருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள், வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள்.

வரிசையும் முக்கியம். ஸ்பீக்கரைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். அது ட்வீட்டருக்கு, அதாவது கீச்சுக் குரல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கருக்கு, விழும் அடி. மைக்குக்குக் கேபிள் வழியாகப் போகும் 48 வோல்ட் பேண்டம் பவரை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, அப்புறம் மைக்கைக் கழற்றுங்கள்.

ஸ்பீக்கர் தானாகவே ஸ்டேண்ட்பைக்குப் போய்விடுமே என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் வீட்டுக் கருவிகள் பலவற்றுக்கு ஸ்டேண்ட்பையில் அரை வாட் வரம்பு வந்த பிறகு இந்த வசதி பரவலானது. மின்சாரம் மிச்சம்தான். ஆனால் உள்ளே ஒரு சின்ன சப்ளை விழித்துக்கொண்டேதான் இருக்கும். நான் பார்த்த போர்டுகளில் பல அந்த மூலையில்தான் கருகியிருக்கின்றன.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் அடாப்டர் ஒவ்வொன்றையும், ஸ்பீக்கரின் பின்தகட்டையும் உலர்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நொடி கை வைக்க முடியாத சூடு, லேசான பொசுங்கல் வாடை, முன்பு இல்லாத உறுமல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். எதிரொலியைக் குறைக்கச் சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் பல வகை எளிதில் தீப்பற்றும். அதை ஒட்டியபடி ஸ்பீக்கரை வைத்திருந்தால் இன்றே கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள்.