தீக்குச்சியைக் கிழித்தது யார்?

"எங்கள் அபார்ட்மென்ட்டில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் என்று பிள்ளைகள் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். ஆயுத பூஜைக்கு நாம் உடைப்பதும் பூசணி, இதுவும் பூசணி. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சம்பந்தம் இல்லை. நாம் உடைப்பது வெண்பூசணி, அவர்கள் குடைவது மஞ்சள் பூசணி. அந்த மஞ்சள் பூசணியும் ஹாலோவீனில் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததுதான். அயர்லாந்தில் நவம்பர் 1 குளிர்காலத்தின் தொடக்கம். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அன்று செத்தவர்கள் ஊருக்குள் நடமாடுவார்கள் என்பது அங்கத்திய நம்பிக்கை. அந்த இரவுக்கு அவர்கள் குடைந்தது டர்னிப் கிழங்கை. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே பூசணி பெரிதாகவும் குடைய எளிதாகவும் கிடைத்தது, கிழங்கு போய்க் காய் வந்தது. டோனிகால் மாவட்டத்து டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள். சுருங்கிப்போன கிழட்டு முகம், பொக்கைவாய். அதற்கு முன்னால் பூசணி முகமெல்லாம் குழந்தை முகம்.

ஊருக்கு ஊர் இதில் வேறுபாடு உண்டு. ஐல் ஆஃப் மேன் தீவில் இதே இரவை 'ஹாப்-டு-நா' என்ற பெயரில் கொண்டாடுகிறார்கள். அங்கே இன்றும் டர்னிப்தான். இங்கிலாந்தின் சோமர்செட்டில் ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் என்ற கிராமத்தில் அக்டோபரின் கடைசி வியாழன் 'பங்கி நைட்'. மாட்டுக்குப் போடும் ஒருவகை பீட்ரூட் கிழங்கைக் குடைந்து, விளக்கேற்றி, பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள். இதற்கு ஒரு கதை. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போன ஆண்கள் நன்றாகக் குடித்துவிட்டு வீடு திரும்பவில்லை. மனைவிமார் கிழங்கு விளக்குகளை எடுத்துக்கொண்டு தேடிப் போனார்கள். ஆடி ஆடி வரும் வெளிச்சங்களைப் பார்த்த கணவன்மார், பேய் என்று பயந்து ஒரே ஓட்டமாக வீடு வந்து சேர்ந்தார்களாம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அந்தக் குடிகாரர்களுக்கு 'இருட்டில் ஆடும் வெளிச்சம் என்றால் பேய்' என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதுதான். ஐரிஷ் கதையிலும் அதுவேதான். சாத்தானையே ஏமாற்றிய ஜாக் என்ற கஞ்சன் செத்தபோது சொர்க்கத்திலும் சேர்க்கவில்லை, நரகத்திலும் சேர்க்கவில்லை. சாத்தான் போனால் போகட்டும் என்று எரியும் கங்கு ஒன்றை எறிந்தான். அதைக் கிழங்குக்குள் வைத்துக்கொண்டு ஜாக் இன்னும் அலைகிறான். பூசணி விளக்கு பிறப்பதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சதுப்பு நிலங்களில் இரவில் தெரிந்த ஒரு நிஜ வெளிச்சத்தை 'ஜாக்-ஓ-லான்டர்ன்' என்றுதான் சொன்னார்கள்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கத்து மக்களுக்கு அந்த வெளிச்சம் 'லாந்தர்க்காரன்'. விசிலடித்தால் உன்னை நோக்கி வருவான். வந்தால் சேற்றில் குப்புறப் படுத்து அவன் போகும்வரை மூச்சுக் காட்டாதே என்பது அந்த ஊர் அறிவுரை. வங்காள மீனவர்களுக்கு அது ஆலேயா, கட்ச் மாவட்டத்து பன்னி புல்வெளியில் சிர் பத்தி. நமக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு. இதில் எந்த ஊரும் இன்னோர் ஊரைப் பார்த்துக் காப்பியடித்ததாகத் தெரியவில்லை. ஒருவரையொருவர் அறியாத இத்தனை பேர், ஈர நிலம், இரவு, தரையை ஒட்டி ஒரு மங்கல் ஒளி, கிட்டே போனால் விலகுகிறது என்று ஒரே மாதிரி சொன்னால், பார்த்ததில் பிழையில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். விளக்கம்தான் பிழை.

சரி, சரியான விளக்கம் எது? பள்ளியில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் பட்டென்று சொல்வார்கள்: மீத்தேன். சேற்றுக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் இலைதழையை மக்கவைத்து மீத்தேன் விடுகின்றன, அது எரிகிறது, அவ்வளவுதான். 1776 நவம்பரில் விஞ்ஞானி அலெசாண்ட்ரோ வோல்டா இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து, அது எரியும் காற்று என்று காட்டிவிட்டார். ஏழு ஆண்டு கழித்து, 1783 நவம்பர் 5 அன்று, நியூ ஜெர்சியில் அமெரிக்கப் படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனும் எழுத்தாளர் தாமஸ் பெய்னும் படகில் போனார்கள். சேறு எரிகிறதா, சேற்றிலிருந்து வரும் வாயு எரிகிறதா என்று பெய்னுக்கும் வாஷிங்டனின் அதிகாரிகளுக்கும் விவாதம். சிப்பாய்கள் கழியால் ஆற்றின் அடியைக் கிளற, இருவரும் காகிதத்தைக் கொளுத்தி நீர்மட்டத்துக்கு மேலே பிடித்தார்கள். குமிழி வந்ததும் குப்பென்று பிடித்தது. வாயு என்று சொன்ன பெய்ன் கட்சி ஜெயித்தது. விடுதலைப் போர் முடிந்த கையோடு ஒரு தளபதிக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கிறது பாருங்கள்.

ஆனால் அவர்கள் கையில் கொளுத்திய காகிதம் இருந்ததே! சதுப்பில் நள்ளிரவில் யார் காகிதம் கொளுத்தினார்கள்? மீத்தேன் தானாகப் பற்றாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்க வேண்டும், அதோடு ஒரு பொறி வேண்டும். பொறி இல்லையென்றால் 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடு வேண்டும். குளிர்ந்த சேற்றில் இரண்டும் கிடையாது. "பேய் இல்லை, மீத்தேன்தான்" என்று அடித்துப் பேசும் பகுத்தறிவாளர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) இந்த இடத்தை மட்டும் சற்று வேகமாகக் கடந்துவிடுவோம்.

இந்த ஓட்டையை அடைக்க வந்தது பாஸ்பீன். 1783-இல் கண்டுபிடிக்கப்பட்ட, பாஸ்பரஸ் அடங்கிய வாயு. அதனோடு கலந்து வரும் டைபாஸ்பேன் என்ற சேர்மம் காற்றுப் பட்டதும் தானாகப் பற்றும். உடல் மக்கும்போது அதிலுள்ள பாஸ்பரஸ் இப்படி வந்து மீத்தேனைக் கொளுத்துகிறது என்றார்கள். இடுகாடு, எலும்பு, பாஸ்பரஸ் என்று கதை கச்சிதமாகப் பொருந்தியதால் பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. 1980-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆலன் மில்ஸ் இதை ஆய்வகத்தில் செய்து பார்த்தார். பச்சை நிற ஒளி வந்தது, கூடவே மூக்கை அடைக்கும் புகையும் ஏராளமாக வந்தது. சதுப்பு ஒளியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொன்னது நீலம். புகையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதுபோக, இயற்கைச் சேற்றில் கிடைக்கும் பாஸ்பீன் மிக மிகச் சொற்பம்.

(1907-08 குளிர்காலத்தில் நார்ஃபோக்கில் ஒளிரும் ஆந்தை ஒன்று பறந்ததாக உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒளிரும் காளான் ஒட்டிய மரப்பொந்தில் குடியிருந்திருக்கலாம் என்பது ஊகம். எல்லா வெளிச்சத்துக்கும் ஒரே காரணம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.)

2025-இல் இந்தக் கேள்விக்கு எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜாரே குழுவினர், மீத்தேனும் காற்றும் அடங்கிய மிக நுண்ணிய குமிழிகளைத் தண்ணீருக்குள் விட்டு, அதிவேக கேமரா வைத்துப் பார்த்தார்கள். இரண்டு குமிழிகள் நெருங்கும்போது நடுவே ஒரு மின்பொறி. குட்டி மின்னல், அதுவும் தண்ணீருக்குள்ளேயே! தீக்குச்சியை வெளியே தேடிக்கொண்டிருந்தோம். குமிழியே கையோடு கொண்டுவந்திருக்கிறது.

தண்ணீரில் எப்படி மின்னேற்றம் தங்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஈரக்கையில் ஷாக் அடிக்கும் என்றுதானே வளர்ந்திருக்கிறோம். இந்த விஷயம் பழையது. 1892-இல் ஜெர்மன் இயற்பியலாளர் பிலிப் லெனார்ட் அருவிகளை ஆராய்ந்து, பாறையில் மோதிச் சிதறும் நீரில் மின்னேற்றம் பிரிகிறது என்று காட்டினார். (பின்னாளில் ஐன்ஸ்டைனைத் தூற்றிய நாஜி ஆதரவாளர் இவர்தான். ஆள் எப்படியோ, அளவீடு சரி.) நீரின் உடம்பும் நீரின் தோலும் ஒன்றல்ல. காற்றைத் தொடும் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றமும், அதற்குச் சற்று உள்ளே நேர் மின்னேற்றமும் கூடிநிற்கும். நிதானமாக இருக்கும் வரை இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். வெடுக்கென்று கிழித்தால்? தோலிலிருந்து பிய்ந்த மிகச் சிறிய திவலைகள் எதிர் மின்னேற்றத்தை வாரிக்கொண்டு போய்விடுகின்றன, பெரிய துளிகள் நேர் மின்னேற்றத்தோடு மிஞ்சுகின்றன. ஒன்றாக இருந்த மின்சுமைகள் சேர்ந்துகொள்ள நேரம் கிடைக்காமல் பிரிந்துவிடுகின்றன. பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி வருவதும் இதே கதைதான்: இரண்டு பரப்புகள், அவசரமான பிரிவு.

குமிழி என்பது துளியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டது; அதற்கும் தோல் உண்டு. குமிழிகள் பிரிந்தும் உடைந்தும் மேலேறும்போது சிறியதும் பெரியதும் மாறுபட்ட மின்சுமை சுமக்கின்றன. இவை அருகருகே வரும்போதுதான் அளவின் வித்தை வேலை செய்கிறது. ஒரு சென்டிமீட்டர் காற்றிடைவெளியில் பொறி பறக்க ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். இடைவெளியை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் சில நூறு வோல்ட்டே போதும். நேர் விகிதத்தில் கணக்குப் போட்டால் 30 வோல்ட்தான் வரவேண்டும். ஆனால் அத்தனை குறுகிய இடத்தில் எலக்ட்ரான் ஓடி, மோதி, வேறு எலக்ட்ரான்களைத் தட்டியெழுப்பப் போதிய தூரம் கிடைப்பதில்லை என்பதால் அவ்வளவு கீழே இறங்காது. இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889-இல் அளந்து வைத்த விதி இது. எப்படியும், வானத்து மின்னலுக்குத் தேவைப்படும் கோடிக்கணக்கான வோல்ட் இங்கே தேவையில்லை. கண்ணுக்கு எட்டாத இடைவெளி, சொற்ப மின்சுமை, அது போதும்.

அப்புறம், அந்தப் பொறி மீத்தேனை நாம் அடுப்பில் பார்ப்பது போல எரிக்க வேண்டியதில்லை. மின்பொறி மூலக்கூறுகளை உடைத்து, துடிப்பான துண்டுகளை உருவாக்குகிறது. அவை மீத்தேனைத் தாக்கி, பெரிய சூடில்லாமலே ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. குளிர்ந்த சுடர் என்பது கற்பனை இல்லை. ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1810களிலேயே ஈதர் ஆவியில் விரலைச் சுடாத மங்கல் சுடரைப் பார்த்திருக்கிறார். அந்த மங்கல் நீலம், கிளர்ச்சியுற்ற ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் அடங்கும்போது விடும் ஒளி என்பது பின்னர் நிறமாலை வழியாகத் தெரிந்தது. நீலம், வைக்கோலைக்கூடப் பற்றவைக்காத சூடு என்ற ஊர்ச்சொல் இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

கிட்டே போனால் ஏன் விலகுகிறது என்பதற்கான விடை இன்னும் பழையது. பிரஷ்ய ராணுவ அதிகாரி லூயி பிளெசன் 1830களில் வெளியிட்ட குறிப்பில், காட்டுச் சதுப்பில் நீலஊதா சுடர்களைத் துரத்தியதை எழுதியிருக்கிறார். அவர் முன்னே போனால் அவை பின்னே போயின. தன் நடையும் மூச்சும் கிளப்பும் காற்றுதான் அவற்றைத் தள்ளுகிறது என்று யோசித்து, அசையாமல் நின்றபோது சுடர்கள் நெருங்கி வந்தன. சேற்றில் குப்புறப் படுத்து மூச்சுக் காட்டாமல் இருந்த நார்ஃபோக்காரரை லாந்தர்க்காரன் ஏன் நெருங்கிவந்து கடந்துபோனான் என்பதற்கு இது ஒரு கணக்குச் சொல்கிறது. ஓடியிருந்தால் சதுப்பில் புதைந்திருப்பார். மூட நம்பிக்கையோ என்னவோ, அந்த அறிவுரை உயிர் காத்திருக்கும்.

ஸ்டான்ஃபோர்ட் சோதனை ஆய்வகத் தொட்டியில் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒரு மின்பொறி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. அதிலிருந்து, ஒரு மனிதன் நூறடி தூரத்தில் நின்று பார்த்துப் பயப்படும் அளவுக்கு ஒளி எப்படிச் சேரும் என்பதைச் சதுப்பில் போய்த்தான் அளக்க வேண்டும். ஆனால் வோல்டாவை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. சதுப்பு வாயுவை மின்னல் போன்ற ஒரு மின் நிகழ்வுதான் பற்றவைக்கிறது என்று அவர் அன்றே சொன்னார். அந்த வாயுவை மின்பொறியால் வெடிக்கவைக்கும் ஒரு கைத்துப்பாக்கியும் செய்து காட்டினார். மின்னல் அடிக்காத இரவிலும் வெளிச்சம் தெரிகிறதே என்று மடக்கினார்கள். அவர் தேடிய மின்னல் மிகச் சிறியது, காலடியிலேயே இருந்தது.

"பேய் வெளிச்சத்துக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜாரே குழு பேயைத் தேடிப் போகவில்லை. நீர்த்திவலைகளின் வேதியியலைத் துருவிக்கொண்டிருந்தார்கள். அதே 2025-இல், திவலைகளுக்கு நடுவே எழும் இந்தக் குட்டி மின்னலே உயிரின் தொடக்கத்துக்குத் தேவையான கரிமச் சேர்மங்களை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். திட்ட வரைவில் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தை முன்கூட்டியே நிரப்பச் சொல்லும் நம் ஊர் நடைமுறையில் இப்படி ஒரு ஆய்வு முதல் சுற்றிலேயே திரும்பி வந்திருக்கும் என்பது என் கருத்து.

சதுப்பில் அளப்பது செலவேறிய வேலையும் இல்லை. இங்கிலாந்தில் இடம்தான் பிரச்சினை: ஒளிகள் அதிகம் பேசப்பட்ட ஃபென் சதுப்புகளில் பெரும்பகுதி விளைநிலமாகிவிட்டது, விட்டில்ஸி ஏரியை 1851-இல் வடித்தே விட்டார்கள். நமக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கரணையில் நகர வெளிச்சம் அதிகம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருட்டுதான், ஆனால் உப்புநீரில் சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் மீத்தேன் நுண்ணுயிரிகளின் உணவை முந்திக்கொள்வதால் வாயு குறைவு. நன்னீர் தேங்கிய டெல்டா நெல்வயல்தான் தோது; அங்கே மீத்தேன் வருவது ஏற்கெனவே அளக்கப்பட்ட விஷயம். மங்கிய ஒளியையும் பிடிக்கும் கேமரா, வாயு உணர்கருவி, இரவில் கண்விழிக்கச் சம்மதிக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவர், அவருக்கு ஒரு நல்ல கொசுவலை. பட்ஜெட் இவ்வளவுதான்.