கிராஷ்: நிலைகுலைவு

"சிஸ்டம் அடிக்கடி கிராஷ் ஆகுதுண்ணே." பழைய பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்தவர் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருக் கடையில் இப்படிச் சொன்னால், மெக்கானிக் உடனே திருப்பிக் கேட்பார்: "ஹேங் ஆகுதா, ப்ளூ ஸ்கிரீன் வருதா, தானா ஆஃப் ஆகுதா?" கேள்வி நியாயமானது. மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். கிராஷ் என்ற ஒரே சொல் மூன்றையும் மூடி மறைக்கிறது.

ஆங்கிலத்தில் இது ஒலியிலிருந்து பிறந்த சொல். நம் 'மடார்', 'படீர்' போல, ஏதோ விழுந்து உடையும் சத்தம்தான் அதன் வேர். பிறகு வாகன மோதலுக்கும் பங்குச்சந்தைச் சரிவுக்கும் போய், கணினிக்கும் வந்தது. ஹார்ட் டிஸ்க்கின் வாசிப்பு முனை, சுழலும் தட்டில் உரசிக் கீறுவதையும் 'ஹெட் கிராஷ்' என்கிறார்கள். அங்கே மோதல் உண்மையிலேயே நடக்கிறது. கணினி பிழை காட்டி நிற்கும் நீலத்திரையில் எதுவும் எதன்மேலும் மோதுவதில்லை.

அதனால் 'மோதல்', 'நொறுங்கல்' என்று நேராகப் பெயர்ப்பது பொருந்தாது, நொறுங்குவது அப்பளம். 'செயலிழப்பு' பரவலாக வழங்குகிறது. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு என்னும்போது வேலையே செய்யாமல் நின்ற உறுப்பைச் சொல்கிறோம். கிராஷ் ஆன கணினியோ இரண்டு நிமிடத்தில் மறுபடி எழுந்து ஓடும். செயலிழப்பு என்ற சொல்லை, செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸுக்கோ (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) டிஸ்க்குக்கோ வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தேர்வு 'நிலைகுலைவு'. குலைதல் என்பது கட்டு அவிழ்ந்து ஒழுங்கு கெடுவது: படை குலைந்தது, கட்டுக்கோப்பு குலைந்தது என்கிறோம். கணினிக்குள் நடப்பதும் இதுவே. நினைவகத்தில் தான் வைத்த மதிப்பு மாறிக் கிடப்பதை இயங்குதளத்தின் கருவான கெர்னல் காண்கிறது. மேலே ஓடினால் கோப்புகளும் கெடும் என்பதால் தானே நின்றுகொள்கிறது. கணிப்பியலில் 'நிலை' (ஸ்டேட்) என்பதே ஒரு கலைச்சொல். அந்த நிலை குலைந்ததுதான் கிராஷ். ஹேங் ஆவதற்கு 'முடக்கம்' போதும். தானாக ஆஃப் ஆவதற்குப் புதுச்சொல் வேண்டாம், 'அணைந்துபோதல்' இருக்கிறது.

எது நடக்கிறது என்று பிரித்தறிய முதலில் விண்டோஸின் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' அமைப்பில் தானாக மறுதொடக்கம் ஆகும் தேர்வை நீக்குங்கள். அது இருக்கும்வரை, நிலைகுலைவுத் திரை சட்டென மறைந்து வெறும் ரீஸ்டார்ட் போலத் தோன்றும். அடுத்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைத் திறந்து பாருங்கள். 41 என்பது முறையாக மூடாமல் நின்றது என்று மட்டுமே சொல்லும். உள்ளே 'பக்செக்கோட்' என்ற எண் பூஜ்யமல்லாமல் இருந்தால் அது நிலைகுலைவு. பூஜ்யம் என்றால் பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது, அல்லது முடங்கியதை நீங்களே பட்டனை அழுத்தி நிறுத்தியிருக்கிறீர்கள்.

நிலைகுலைவு என்றால் முதல் சந்தேகம் ராம், அதாவது நினைவகம். ஐ5-4570 பிராசசர், எச்81 போர்டு, இரண்டு கடைகளில் வாங்கிய இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 ராம் என்ற கூட்டணியை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1.5 வோல்ட், மற்றது 1.35 வோல்ட்டிலும் ஓடும் வகை. வேகமும் வேறாக இருக்கலாம். தனித்தனியே சரியாக ஓடி, சேர்த்தால் பிழை தரும் ஜோடிகள் உண்டு. எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இருந்தால் அணைத்துவிட்டு, ஒரு ராமை மட்டும் செருகி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். உடனே ராமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதையே அடுத்த ஸ்லாட்டில் சோதியுங்கள். பிழை ராமோடு போனால் ராம், ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டு. இந்தப் போர்டுகளில் பின்கள் பிராசசர் அமரும் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. முந்தைய உரிமையாளர் பிராசசரைக் கழற்றும்போது ஒரு பின் சாய்ந்திருந்தால், ஒரு ஸ்லாட் முழுக்கவே செத்துக் கிடக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், வரிசையாக மின்னும் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னும்.

கேம் திறந்ததும் அணைந்துபோனால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். மேலே '450 வாட்' என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்பதைப் படியுங்கள். 15 ஆம்பியர் என்றால் அது 180 வாட்தான். ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுக்கே 185 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பிராசசருக்கு இன்னும் 84 வாட். மல்டிமீட்டரில் மஞ்சள் வயரும் கறுப்பு வயரும் 11.4-இலிருந்து 12.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், அதுவும் சுமை ஏறியிருக்கும்போது. அளவு சரியாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. வயதான கெப்பாசிட்டர்களால் வரும் வேகமான மின்னழுத்த ஏற்ற இறக்கங்களைச் சாதாரண மீட்டர் காட்டாது. நன்றாக ஓடும் வேறொன்றை மாற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை. பிராசசர் சூடு 100 டிகிரியை நெருங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டும் இதே போல அணைக்கும்.

முடங்கி நிற்கும்போது விசைப்பலகையில் 'நம் லாக்' (Num Lock) விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணலாம். டிஸ்க்கின் நலம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில், படிக்க முடியாத பகுதிகளைக் குறிக்கும் சி5, சி6 எண்கள் ஏறியிருந்தால் தரவை முதலில் வெளியே எடுங்கள். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி.

'ப்ளூ ஸ்கிரீன்' என்பதற்கு 'நீலத்திரை' என்று எழுதிவந்தோம். 2025-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இல் அதைக் கறுப்பாக மாற்றிவிட்டது. இனி 'நிலைகுலைவுத் திரை' என்று எழுதலாம். 'கிராஷ் டம்ப்' என்பது 'நிலைகுலைவுப் பதிவு'. அதன் சிறு வடிவம் விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்ற உள்கோப்புறையில் சேமிக்கப்படுகிறது.