ரோட்டார்: பிரேக் வட்டின் பெயரும் பொருளும்

காரின் சக்கரத்தைக் கழற்றியதும் பளபளப்பான வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று கண்ணில் படும். அதற்கு அமெரிக்க வழக்கில் ரோட்டார் என்று பெயர். பிரித்தானிய வழக்கைப் பின்பற்றும் நம் பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் அதுவே டிஸ்க். பிரேக் பேடையும் ரோட்டாரையும் வீட்டிலேயே மாற்றக் கற்றுக்கொள்பவர் பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகளின் வழியே கற்பதால், இரண்டும் வெவ்வேறு பாகங்கள் என்று மயங்க இடமுண்டு. பொருள் ஒன்றே.

ரோட்டார் என்பதன் அடி, சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்ற இலத்தீன் சொல். அதிலிருந்து பிறந்த ‘ரோட்டேட்டர்’ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோட்டார் எனச் சுருங்கியது. முதலில் கணிதத்தில் வழங்கிப் பின்னர் மின்பொறிகளில் சுழலும் பகுதிக்குப் பெயராயிற்று. ஹெலிகாப்டரின் விசிறிக்கும் அதுவே பெயர். ஆகவே இச்சொல் ஒரு பாகத்தின் வடிவத்தைச் சொல்வதில்லை. அது சுழலும் என்பதை மட்டுமே சொல்கிறது.

இதனாலேயே ரோட்டாருக்குச் ‘சுழலி’ என்று நேராகத் தமிழாக்குவது பிரேக்கின் விஷயத்தில் பொருந்தாது என்று கருதுகிறேன். மின்மோட்டாரில் அசையாப் பகுதியை நிலையி என்றும் அசையும் பகுதியைச் சுழலி என்றும் பிரித்துச் சொல்வதில் தெளிவு இருக்கிறது. காரின் சக்கரத்திலோ நட்டு முதல் டயர் வரை எல்லாமே சுழல்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தனித்துக் காட்ட வடிவமே உதவும். அந்த வகையில் ‘வட்டு’ என்பதே தகுந்த சொல். குறுவட்டு, வன்வட்டு என்று நாம் பழகிய சொல்தான் இது. ஆனால் கணினியோடு வந்ததன்று. கட்டம் வரையாமல் வட்டாடுவதைப் போன்றது நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது என்னும் பொருளில் ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று திருக்குறளின் 401-ஆம் குறள் தொடங்குகிறது. அங்கே வட்டு என்பது விளையாட்டுக் காய். டிஸ்க் என்ற சொல்லும் விளையாட்டிலிருந்தே வந்தது: கிரேக்கர் களத்தில் எறிந்த ‘டிஸ்கோஸ்’ அதன் மூலம், அந்த விளையாட்டை நாம் வட்டெறிதல் என்கிறோம். இவ்வளவு நெருங்கிய இணைச்சொல் கலைச்சொல்லாக்கத்தில் எளிதில் வாய்ப்பதில்லை.

பிரேக் என்ற சொல்லுக்கு, ஆளிச்செடியின் தண்டை நொறுக்கி நார் பிரிக்கும் கருவியின் டச்சுப் பெயரோடும் உடைத்தல் என்னும் வினையோடும் உறவு சொல்வார்கள். தமிழில் தடை, நிறுத்தி, தடுப்பி என மூன்று வடிவங்கள் சொல்லப்படுகின்றன. சாலையின் மேட்டுக்கு வேகத்தடை என்ற பெயர் ஊன்றிவிட்டதால் ‘தடை’ குழப்பும். ‘நிறுத்தி’ வினையெச்சமாகவும் நிற்பதால், ‘வண்டியை நிறுத்தி’ என்று எழுதவேண்டிய செய்முறை விளக்கத்தில் அது இன்னும் மோசமாக இடறும். எழுத்துத் தமிழில் வட்டுத் தடுப்பி என்பது நன்றாக நிற்கும். பேச்சில் பிரேக் இருந்துவிட்டுப் போகலாம்.

வட்டுத் தடுப்பிக்கு இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-இல் காப்புரிமை பெற்றார். செம்பாலான உராய்பரப்பு வட்டில் உரசி எழுப்பிய கீச்சொலி அதன் பெருங்குறையாக இருந்தது. 1953-இல் பிரான்சின் லே மான் கார்ப் பந்தயத்தில் வட்டுத் தடுப்பி பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகே இந்த அமைப்பு பரவலாகக் கவனம் பெற்றது.

வட்டை இருபுறமும் அழுத்தும் பேடுக்கு மெத்தை, திண்டு என்று அகராதி வழியே போனால் பொருள் கெடும். எஃகுத் தகட்டின் மேல் கடினமான உராய்வுப் பொருளை ஒட்டிய கட்டி அது. சைக்கிளில் விளிம்பைப் பிடிக்கும் ரப்பரைப் பிரேக் கட்டை என்று சொல்லும் வழக்கு இருக்கும்போது, காருக்கும் கட்டை என்பதையே நீட்டிக்கலாம். காலிப்பர் இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய சொல். அளவிடும் கருவியின் பெயராகத் தோன்றியதால் பள்ளி ஆய்வகத்தில் அது வெர்னியர் அளவி. பிரேக்கின் காலிப்பரோ எதையும் அளப்பதில்லை; கட்டைகளை வட்டின்மேல் கவ்வச் செய்கிறது. அதற்குக் ‘கவ்வி’ என்பதே சரி. வட்டு அமரும் ஹப்புக்குப் புதுச்சொல் தேடவே தேவையில்லை: மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் குடம் என்ற பெயர் ஏற்கெனவே உண்டு.

இச்சொற்களைக் கொண்டு முன்சக்கர வேலையைச் சொல்லிப் பார்க்கலாம். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான ஸ்டாண்டின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது. கவ்வியைக் கழற்றியதும் அதை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். வட்டின் மீச்சிறு கனம் பெரும்பாலும் வட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த வட்டின் ஓரத்தில் ஒரு விளிம்பு எழும்பி நிற்பதால், வெர்னியர் அளவியின் தாடைகள் அதன்மேல் உட்கார்ந்து கனத்தைக் கூட்டிக் காட்டும். உட்பரப்பைத் தொடும் திருகு அளவியே நம்பத்தக்கது. குடத்தின் முகத்தில் துரு படிந்திருந்தால் கம்பித் தூரிகையால் முழுவதும் சுரண்டியபின்தான் புதிய வட்டை ஏற்ற வேண்டும். மெல்லிய துருப்படலமும் வட்டைக் கோணலாக அமர்த்தும். நாளடைவில் வட்டின் கனம் இடத்துக்கிடம் மாறுபட்டு, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். பலரும் வட்டு நெளிந்துவிட்டதென்று குறைசொல்வதன் காரணம் பெரும்பாலும் இந்தக் கன வேறுபாடுதான். புதிய வட்டின் காப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தெடுப்பதும், ஒரே அச்சின் இருபுறக் கட்டைகளையும் சேர்த்தே மாற்றுவதும் கட்டாயம். கவ்வியினுள்ளிருந்து கட்டையை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் திரவம் தொட்டியில் உயரும். அது வழிந்தால் பெயிண்டை அரிக்கும். போல்ட்டுகளை அந்த வண்டியின் கையேடு சொல்லும் முறுக்கு அளவுக்கே இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துமுன் மிதி இறுகும்வரை பலமுறை மிதிப்பதை மறக்கவே கூடாது, ஏனெனில் பிஸ்டன் பின்வாங்கியிருக்கும் நிலையில் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது.

கடைசியாக ஒரு சொல். புதுக் கட்டையும் புது வட்டும் ஒன்றோடொன்று பழகுவதைப் பட்டறையில் ‘செட் ஆகட்டும்’ என்பார்கள். இதற்குப் ‘படியவைத்தல்’ என்று சொல்ல விரும்புகிறேன். கட்டையின் பொருள் வட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிவதும், இரு பரப்புகளும் ஒன்றுக்கொன்று இணங்கிப் படிவதும் அந்த ஒரே வினையில் அடங்குகின்றன. ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் சில முறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஓட்டிக் குளிரவிட வேண்டும். சூடான நிலையில் மிதியை அழுத்தியபடி நின்றால், கட்டை இருந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும்.