எனக்கு ஊறின பிஸ்கட்தான் பிடிக்கும் டாக்டர்

"வலி இருக்குதுங்களா?" என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு படியேறி வந்தவர்கூட அப்படித்தான் சொல்வார். ஊசிப் பயம் ஒருபக்கம், "இருக்குன்னு சொன்னா புடுங்கிருவாங்க" என்ற நினைப்பு மறுபக்கம். அதனால் சில வருடங்களாக முதல் கேள்வியை மாற்றிவிட்டேன். "டீக்கு பிஸ்கட் உண்டுங்களா? கடிச்சுச் சாப்பிடுவீங்களா, முக்கிச் சாப்பிடுவீங்களா?"

இதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. சிலர் உற்சாகமாகி விளக்கவே ஆரம்பித்துவிடுவார்கள். என் கிளினிக்குக் கீழே ஒரு பேக்கரி இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு வெண்ணெய் பிஸ்கட் வேகும் வாசனை மாடிவரை வரும். காத்திருப்பவர்கள் வாயில் எச்சில் ஊறியபடியே உள்ளே வருவதால் பேச்சு இன்னும் சுலபமாகத் தொடங்கும். (பல் டாக்டருக்கு இதைவிட ராசியான பக்கத்துக் கடை அமையாது என்று நண்பர்கள் செய்யும் கேலி பழகிவிட்டது.)

பிஸ்கட் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. உடைத்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும் என்பவர்கள், நாக்கில் வைத்ததும் பொலபொலவென உதிர வேண்டும் என்பவர்கள், டீயில் ஊறி விழப்போகும் நொடியில் வாயில் போட்டுக்கொள்பவர்கள். டப்பாவைச் சரியாக மூடாமல் மழைக்காலத்தில் நமத்துப்போனதைத் தேடிச் சாப்பிடும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. என் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதால் அவர்களை ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். புதிதாகத் திறந்த கஃபேக்களில் கிடைக்கும் நடுவில் மெத்தென்ற குக்கீகளுக்குப் பிள்ளைகள் இன்னொரு கட்சி. அந்த மெத்துத்தன்மை பெரும்பாலும் சர்க்கரையின் வேலை. வெள்ளைச் சர்க்கரை ஆறும்போது மறுபடி படிகமாகி மொறுமொறுப்பைத் தரும். பழுப்புச் சர்க்கரையோ, அதிலுள்ள பாகு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், இளக்கத்தைத் தரும்.

இதெல்லாம் ருசி. ருசியில் டாக்டருக்கு வேலையில்லை. என் வேலை தொடங்குவது அந்த ருசி சமீபத்தில் மாறியிருந்தால்தான்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், பல்லில் கறை எடுத்துக்கொள்ள மட்டும் வந்தார் (இங்கே சொல்கிறவர்கள் எல்லோரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியே எழுதுகிறேன்). வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "பட்டர் பிஸ்கட்டுங்க. ஆனா முக்கித்தான். எனக்கு ஊறினதுதான் பிடிக்கும் டாக்டர்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சட்டென்று திரும்பினார். "எப்ப இருந்து? போன தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கைத் தனியாளா முடிச்சீங்களே!"

வாயைத் திறந்து பார்த்தால் சொத்தை எதுவும் இல்லை. ஆனால் வலது பக்கப் பற்களில் மட்டும் காரை திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. எந்தப் பக்கம் மெல்லவில்லையோ அந்தப் பக்கம்தான் காரை இப்படி ஏறும். மெல்லும்போது உணவும் நாக்கும் கன்னமும் உரசுவதே ஒரு துடைப்பு. அது நின்றால் அழுக்கு தங்கும். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சிறிய பிளாஸ்டிக் கட்டையை ஒவ்வொரு பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்து "கடிங்க" என்றேன். கீழ் வலது கடைவாய்ப் பல்லின் ஒரு முனையில் வைத்தபோது நன்றாகவே கடித்தார். "இப்ப விடுங்க" என்றதும் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

கடிக்கும்போது வராத வலி விடும்போது வருவது, பல்லில் விரிசல் இருப்பதற்கான பழைய அடையாளம். அழுத்தும்போது விரிசலின் இரு பக்கமும் லேசாகப் பிரியும்; விட்டதும் ஒட்டும். அந்த நொடியில் பல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களின் திரவம் அசைந்து நரம்பைச் சுண்டிவிடும். இந்த விரிசல்கள் பெரும்பாலும் முன்பின்னாக ஓடுவதால் எக்ஸ்ரேயில் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சினால், விரிசல்வரை வந்து ஒளி அங்கேயே நின்றுவிடும். முப்பது வருடம் வண்டியில் தூக்கம் வராமலிருக்கக் கொட்டைப்பாக்கு மென்ற பல் அது.

"வலிக்குதுன்னு தெரியவே இல்லீங்க. மொறுமொறுப்பு பிடிக்காமப் போச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நாம் மொறுமொறுப்பை உணர்வது பல்லின் வெள்ளை ஓட்டில் அல்ல. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தசைநாரில்தான் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. ஆரோக்கியமான பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் அளவுள்ள ஒரு துகள் வந்தாலும் அவை கண்டுபிடித்துவிடும். அது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வேகவைத்த சோற்றில் கிடக்கும் குறுமணலை ஒரே கடியில் கண்டுபிடிக்கிறோமே, அது இந்த ஏற்பாட்டால்தான். அவ்வளவு நுட்பமான கருவி, ஒரு பல்லில் கோளாறு வந்ததும் நமக்குச் சொல்லாமலே தாடையை வேறு பக்கம் திருப்பிவிடும். கையும் தானாகவே பிஸ்கட்டை டீ டம்ளருக்குக் கொண்டுபோகும். மனசு கடைசியாக வந்து "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று கையெழுத்துப் போடும்.

செட் பல் கட்டியவர்கள் "எந்த பிஸ்கட்டும் முன்ன மாதிரி இல்லீங்க, கம்பெனிக்காரன் தரத்தைக் குறைச்சுட்டான்" என்று சொல்வதற்கும் இதுவே காரணம். அந்தத் தசைநார் பல்லோடு போய்விட்டது. முழு செட் போட்டவரின் கடிவிசையும் சொந்தப் பல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். பாவம், கம்பெனிக்காரன்.

பிள்ளைகள் கதை வேறு. அங்கே முடிவெடுப்பது பெரும்பாலும் பாட்டிதான்.

நாலு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மாயி கூட்டிவந்தார். "இவனுக்குக் கரகரன்னு எதுவும் ஆகாதுங்க. பால்ல ஊற வச்சுக் கொடுத்தாத்தான் இறங்கும்" என்றார் பெருமையாக. காலை எட்டு மணிக்கு ஊட்டிய பிஸ்கட். அவன் வாயைத் திறந்தது பதினொன்றரைக்கு. கீழ்த் தாடையில் இருபுறமும் கடைவாய்ப் பால் பற்கள் குழிந்துபோய், அந்தக் குழிகளில் பழுப்பு மாவு கெட்டியாக அடைந்திருந்தது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலும் ஒரு உருண்டை ஒதுங்கியிருந்தது. பையனுக்குக் கரகரப்பு பிடிக்காமல் இல்லை; கடித்தால் வலித்தது. வலித்ததால் ஊறியதைக் கேட்டான், ஊறியது குழியில் நின்றது, குழி பெரிதானது.

"பால் பல்லுதானே, விழுந்துரும்" என்பது நான் வாரம் ஒருமுறையாவது கேட்கும் வசனம். முன் பற்கள் ஆறேழு வயதில் விழும், உண்மை. கடைவாய்ப் பால் பற்கள் விழ 9 முதல் 12 வயதாகும். நாலு வயதில் அவை கெட்டால் இன்னும் ஆறேழு வருடம் அந்தப் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்? இன்னொன்றும் கவனியுங்கள். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதன் மேற்பரப்பில் பள்ளங்கள் ஆழமானவை. டூத்பிரஷ் நார்கூட அடிவரை போகாது. பிஸ்கட் மாவு நன்றாகவே போகும். அந்தப் பள்ளங்களை ஒரு பூச்சு வைத்து அடைத்துவிடலாம். ஊசி, வலி எதுவும் இல்லாத பத்து நிமிட வேலை.

"அப்போ மிட்டாய்தானே ஒட்டும், பிஸ்கட் கரைஞ்சுருமே?" என்று படித்த பெற்றோரும் கேட்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நம்பினேன். 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. எது ஒட்டும் என்று மக்கள் நினைக்கிறார்களோ அதற்கும், உண்மையில் பல்லில் எது தங்குகிறதோ அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அது காட்டியது. கேரமல் மிட்டாயின் சர்க்கரை எச்சிலில் கரைந்து சீக்கிரம் போய்விட்டது. குக்கீ, சிப்ஸ் போன்ற மாவுப் பண்டங்கள் வெகுநேரம் தங்கின. மிட்டாய் ஒட்டினால் நாக்கு சும்மா இருக்காது, துழாவித் துழாவி எடுத்துவிடும். குழைந்த மாவு தங்குவது நாக்குக்குத் தெரியாது. ஆக, மொறுமொறுப்பா மெத்தா என்ற சண்டையில் பல்லின் ஓட்டு யாருக்கும் இல்லை. மென்று முடித்ததும் இரண்டுமே மாவுதான்.

பல் கணக்குப் பார்ப்பது நேரத்தை. மாவும் சர்க்கரையும் பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை பிடிக்கும். 1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற பல் மருத்துவர் இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்; இன்றும் அவர் பெயரில்தான் அதைப் படிக்கிறோம். நாலு பிஸ்கட்டை டீயோடு பத்து நிமிடத்தில் முடிப்பவருக்கு ஒரு ஏற்றம். அதே நாலை மேஜை டிராயரில் வைத்து மணிக்கு ஒன்றாகக் கொறிப்பவருக்கு நாலு ஏற்றம். கடையில் உட்கார்ந்திருப்பவர்களும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளும் சிக்குவது இதில்தான். 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தாலும் மைதா மைதாதான். சாப்பிட்டு முடித்து ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்பளித்து விழுங்குங்கள், இரவு படுக்குமுன் ஃப்ளோரைடு பேஸ்ட்டில் துலக்குங்கள். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவு பேஸ்ட் போதும். பெரிய ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை.

இந்தக் கேள்வி எனக்குக் கொடுத்த மிக முக்கியமான பதில் ஒரு தையல்காரம்மாவிடமிருந்து வந்தது. ஐம்பதைத் தாண்டியவர். ஈறோரமாக வரிசையாகச் சொத்தை. நாலு வருடத்துக்கு முன் அவர் வாயில் அப்படி எதுவும் இல்லை. "பிஸ்கட்டா? தண்ணி இல்லாம ஒரு துண்டு இறங்காதுங்க. மேல் அண்ணத்துல அப்பளம் மாதிரி ஒட்டிக்கும்." வாய்க்கண்ணாடியைக் கன்னத்தில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. எடுக்கும்போது கன்னமும் சேர்ந்து வந்தது. கண்ணில் மண் விழுந்தது போல உறுத்துகிறதா என்று கேட்டேன். "ஆமாங்க, தையல் வேலைன்னால கண்ணு கெட்டுப்போச்சு" என்றார்.

நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரக்க வேண்டிய எச்சில் வற்றினால் காய்ந்த பிஸ்கட் முதலில் காட்டிக்கொடுக்கும். காய்ந்த உணவை விழுங்க அடிக்கடி தண்ணீர் தேவைப்படுகிறதா என்பது, ஷோக்ரன் நோயைக் கண்டறிய மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. அவரை வாத நோய் மருத்துவரிடம் அனுப்பினேன், அதுதான் என்று உறுதியானது. எல்லா வறட்சியும் இந்த நோயல்ல. சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகளும் வாயைக் காயவைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பக்கவாதம் வந்து தேறியவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. "மெல்ல முடியலை, டீயில ஊற வச்சுக் கொடுக்கறோம்" என்பீர்கள். அன்புதான். ஆனால் ஊறிய துண்டும் ஓடும் டீயும் ஒரே வாயில் சேர்வது அவர்களுக்குச் சமாளிக்கக் கடினமான கலவை. டீ முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குப் போகலாம். ஒவ்வொரு வாய்க்கும் புரை ஏறினாலோ, சாப்பிட்டதும் குரல் கரகரத்தாலோ, விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

கடினமானதைத் தேடிக் கடிக்கும் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கோகுலாஷ்டமிக்கு மறுநாள் சீடையாலும், தீபாவளி முடிந்த வாரம் முறுக்காலும் உடைந்த பல்லைத் தாளில் மடித்துக்கொண்டு வருவார்கள். அதில் பாதி, வேர் சிகிச்சை செய்துவிட்டு "கேப் அப்புறம் போட்டுக்கலாம்" என்று மேலுறை மாட்டுவதைத் தள்ளிப்போட்ட பல்லாக இருக்கும்.

நடத்துநருக்கு அந்தக் கடைவாய்ப் பல்லில் கேப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. கட்டையை வைத்துக் கடிக்கச் சொன்னேன், விடச் சொன்னேன், சிரித்தார். வலது பக்கம் காரையும் குறைந்திருந்தது. போகும்போது படியில் நின்று கீழே பேக்கரியை எட்டிப் பார்த்தார்.

"இப்ப முறுக்கெல்லாம் நல்லா கடிக்கறனுங்க டாக்டர். ஆனா பிஸ்கட்டு மட்டும் முக்கித்தான். அது நெசமாவே பிடிச்சுப்போச்சு."